கோணக் கணக்கில் விடை தப்பாக வருகிறதா? தப்பான விடையைப் பார்த்தே காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு வீட்டிலாவது டியூஷன் நடக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லித்தரும் அக்காக்களுக்கும் அண்ணன்களுக்கும், தானே படித்துத் தேறப் பார்க்கும் ஏழாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கும் இது எழுதப்படுகிறது.

கோணக் கணக்கில் கூட்டலும் கழித்தலும் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். எந்த உறவைப் பயன்படுத்துகிறோம், அந்த உறவுக்கு என்ன நிபந்தனை என்ற இடத்தில்தான் கோட்டைவிடுவார்கள். இதில் ஒரு வசதியும் உண்டு: எந்தத் தப்புக்கு எந்த விடை வரும் என்று ஏறக்குறைய முன்பே சொல்லிவிடலாம். அதனால் சிவப்புப் பேனாவால் அடிப்பதற்கு முன் அந்தத் தப்பான விடையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். இங்கே படங்கள் இல்லை. ஒரு தாளும் பென்சிலும் எடுத்து வரைந்துகொண்டே படியுங்கள். தெரியாத கோணத்துக்கு அ என்று பெயர் வைத்திருக்கிறோம்.

அறிகுறி: 50° வரவேண்டிய இடத்தில் 130°

கோணமானியில் இரண்டு வரிசை எண்கள் உண்டு. ஒன்று வலமிருந்து இடமாக ஏறும், மற்றது இடமிருந்து வலமாக. பிள்ளை தப்பான வரிசையைப் படித்துவிட்டது. இரண்டையும் கூட்டினால் 180 வருகிறதா என்று பாருங்கள். வந்தால் வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கோணமானியைக் கையில் எடுக்கும் முன்பே "இது செங்கோணத்தைவிடச் சின்னதா, பெரிசா?" என்று வாய்விட்டுச் சொல்லவையுங்கள். பிறகு, கோணத்தின் ஒரு கதிர் எந்த 0 மேல் கிடக்கிறதோ அந்த 0-இல் தொடங்கி 10, 20 என்று விரலால் எண்ணிக்கொண்டே போகட்டும். ஒரு வாரம் இப்படிச் செய்தால் பழகிவிடும்.

அறிகுறி: முக்கோணத்தை அளந்து கூட்டினால் 170° வருகிறது

ஒன்றிரண்டு பாகை குறைந்தால் பென்சில் முனை மழுங்கியிருக்கிறது என்று விட்டுவிடலாம். எட்டு, பத்து பாகை குறைந்தால் கோணமானியை வைத்த விதம்தான் காரணம்.

சாதாரண பிளாஸ்டிக் கோணமானியில் 0–180 கோடு அடி விளிம்பில் இருக்காது. விளிம்புக்குச் சில மில்லிமீட்டர் மேலே, சின்ன ஓட்டையோ கூட்டல் குறியோ இருக்கும் மட்டத்தில் இருக்கும். பிள்ளைகள் ஸ்கேல் வைக்கிற பழக்கத்தில் விளிம்பைக் கோட்டோடு ஒட்டி வைத்துவிடுவார்கள். மையம் மேலே போய்விடுகிறது, கோணத்தின் உச்சி கீழே நிற்கிறது.

எவ்வளவு பிசகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் மையத்திலிருந்து 4.5 செ.மீ. தூரத்தில் இருப்பதாகவும், விளிம்புக்கும் மையக் கோட்டுக்கும் 5 மி.மீ. இடைவெளி இருப்பதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். 30° கோணம் 24½° என்று காட்டும். 50° கோணம் 46°, 60° கோணம் 57°-க்குச் சற்றுக் குறைவு. 120° கோணமோ 123°-க்குச் சற்று மேலே போகும். சமபக்க முக்கோணத்தை இப்படி அளந்தால் மொத்தம் 170° அளவில் நிற்கும். 90° மட்டும் துளியும் பிசகாது. அதனால்தான் இந்தத் தப்பு மாதக்கணக்கில் மறைந்தே கிடக்கிறது: சந்தேகம் வந்து செங்கோணத்தை அளந்து பார்த்தால் சரியாகவே காட்டும்! சோதிப்பதானால் மூலைமட்டத்தின் 30° முனையை அளந்து சோதியுங்கள்.

அறிகுறி: 90-இலிருந்து கழிக்க வேண்டியதை 180-இலிருந்து கழித்தது (அல்லது தலைகீழாக)

நிரப்புக் கோணங்கள் என்றால் இரண்டும் சேர்ந்து 90°. மிகை நிரப்புக் கோணங்கள் என்றால் இரண்டும் சேர்ந்து 180°. பிள்ளை மாற்றிப் போட்டிருந்தால் அதன் விடைக்கும் சரியான விடைக்கும் வித்தியாசம் எப்போதும் சரியாக 90 இருக்கும், ஏனென்றால் (180 − அ) − (90 − அ) = 90. 37°-க்கு நிரப்புக் கோணம் கேட்டால் 53°. 143 என்று எழுதியிருந்தால் வித்தியாசம் 90, காரணம் தெரிந்துவிட்டது.

இரண்டு கோணங்களும் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைப்பது இன்னொரு தப்பு. ஒன்று புத்தகத்தின் 12-ஆம் பக்கத்திலும் மற்றொன்று 40-ஆம் பக்கத்திலும் இருந்தாலும் கூட்டுத்தொகை 90 என்றால் நிரப்புக் கோணங்களே. அதேபோல மூன்று கோணங்கள் சேர்ந்து 180 வந்தால் அவற்றை மிகை நிரப்புக் கோணங்கள் என்று சொல்லக் கூடாது. இந்தப் பெயர் இரண்டுக்கு மட்டும்தான்.

வாக்கியக் கணக்கில் வேறு மாதிரி சறுக்கும். "ஒரு கோணம் தன் நிரப்புக் கோணத்தைப் போல் 4 மடங்கு. அந்தக் கோணம் எது?" பிள்ளை அ + 4அ = 90 என்று போட்டு, அ = 18 என்று கண்டு, 18° என்று எழுதிவிட்டுப் போய்விடும். சமன்பாடு சரி. ஆனால் அங்கே அ என்பது நிரப்புக் கோணம், கேட்டது 72°. 'அ = கேட்ட கோணம்' என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டால் அ = 4(90 − அ) என்று வரும், நேராக 72 கிடைக்கும்.

அறிகுறி: பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகவே 180 போட்டுவிட்டது

அடுத்துள்ள கோணங்கள் என்று சொல்ல மூன்று வேண்டும்: ஒரே உச்சி, பொதுவான ஒரு கதிர், உட்பகுதி ஒன்றன்மேல் ஒன்று விழாமல் இருப்பது. இதில் 180 எங்கும் வரவில்லை. பொதுவல்லாத மற்ற இரண்டு கதிர்களும் ஒரே நேர்கோட்டில் அமைந்தால்தான் அது நேரிய கோண இணை, அப்போதுதான் 180.

சோதனை எளிது. பொதுக் கதிரைக் கையால் மறைத்துவிடுங்கள். மிச்சம் தெரிவது ஒரே நேர்கோடா? ஆமென்றால் 180. முனை மடங்கித் தெரிந்தால் 180-ஐத் தொடக் கூடாது. மூன்றாவது நிபந்தனையை மறப்பவர்களும் உண்டு: ∠கமச, ∠கமட இரண்டுக்கும் கம என்ற கதிர் பொது. ஆனால் ச, ட இரண்டும் கம-வுக்கு ஒரே பக்கத்தில் இருந்தால் ஒரு கோணம் இன்னொன்றின் வயிற்றுக்குள் கிடக்கும்; அவை அடுத்துள்ள கோணங்கள் ஆகாது.

அறிகுறி: எதிரெதிரே இருக்கிறது, சமம் என்று போட்டோம், விடை ஒத்துவரவில்லை

இரண்டு நேர்கோடுகள் வெட்டும் இடத்தில் எதிரெதிரே அமையும் குத்தெதிர்க் கோணங்கள் சமம் என்பது, பழங்காலக் கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் எழுதிய 'எலிமென்ட்ஸ்' நூலின் முதல் புத்தகத்தில் 15-வது தேற்றம். அதற்கு முன்னால் 13-வதாக, ஒரு கோட்டின் மேல் நிற்கும் இரு கோணங்கள் சேர்ந்து இரண்டு செங்கோணம் என்பதை நிறுவிவிடுகிறார். வரிசை முக்கியம்: நேரிய கோண இணையிலிருந்துதான் குத்தெதிர் பிறக்கிறது. வெட்டிக்கொள்ளும் இரண்டும் உண்மையான நேர்கோடுகளாக இருந்தால் மட்டுமே இது செல்லும்.

பழைய வண்ணாரப்பேட்டையில் இரண்டு தெருக்கள் சந்திக்கும் இடத்தை மேப்பில் பெரிதாக்கிப் பாருங்கள். இந்தப் பக்கம் வந்த தெரு அந்தப் பக்கம் போகும்போது பல இடங்களில் சற்றே திரும்பியிருக்கும். அங்கே நான்கு மூலைகளும் எதிரெதிரே இருக்கும், ஆனால் எதிர்மூலைகள் சமமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கேள்வித்தாளிலும் இதே பொறி உண்டு. "கச, டப ஆகிய நேர்கோடுகள் ம-வில் வெட்டுகின்றன" என்ற வாக்கியம் இருக்கிறதா என்று தேடுங்கள். "ம-விலிருந்து நான்கு கதிர்கள்" என்று மட்டும் இருந்தால், சுற்றிலும் 360° என்ற ஒன்றைத் தவிர வேறெதுவும் கையில் இல்லை.

ஒரு மாதிரிக் கணக்கு: குத்தெதிர்க் கோணங்கள் 3அ + 10, 5அ − 40. சமப்படுத்தினால் 2அ = 50, அ = 25, கோணம் 85°. இரண்டையும் கூட்டி 180 போட்ட பிள்ளைக்கு அ = 26.25 வரும். பள்ளிக் கணக்கில் தசமம் வந்தாலே தப்பு என்று சொல்லிவிட முடியாது, ஆனால் நின்று இரண்டாவது முறை பார்க்க அது நல்ல காரணம். உறுதியான சோதனை வேறு: கிடைத்த எண்ணை இரண்டு கோவையிலும் போடுங்கள். 26.25 போட்டால் 88.75, 91.25 வருகிறது, குத்தெதிர் சமமில்லை, ஆட்டம் முடிந்தது.

அறிகுறி: இணைகோட்டுக் கணக்கில் எது சமம், எது 180 என்று ஒவ்வொரு முறையும் குழப்பம்

அதிக மதிப்பெண் போகும் இடம் இது. பெரும்பாலான டியூஷன்களில் எஃப் வடிவம், இசட் வடிவம், சி வடிவம் என்று சொல்லித்தருகிறார்கள். படம் நேராக இருக்கும்வரை அது உதவும். படத்தைச் சாய்த்தாலோ, இணைகோடுகளை வெட்டிச் செல்லும் குறுக்குவெட்டிகள் இரண்டு வந்தாலோ எந்தக் கோட்டில் எந்த எழுத்து என்று தேடியே நேரம் போய்விடும். எங்கள் கருத்தில் அதைவிட இரண்டு கேள்விகள் மேல்.

முதலில், ஒப்பிட வேண்டிய இரண்டு கோணங்களுக்கும் பொதுவாக உள்ள கோட்டைப் பேனாவால் தடிப்பாக்குங்கள். அதுதான் குறுக்குவெட்டி. இப்போது கேளுங்கள்: இரண்டு கோணங்களும் அதற்கு ஒரே பக்கமா, எதிர்ப் பக்கமா? இரண்டும் இணைகோடுகளுக்கு இடையிலா, வெளியிலா, ஒன்று உள்ளே ஒன்று வெளியேவா?

ஒரே பக்கம், ஒன்று உள்ளே ஒன்று வெளியே: ஒத்த கோணங்கள், சமம். எதிர்ப் பக்கம், இரண்டும் உள்ளே: ஒன்றுவிட்ட உட்கோணங்கள், சமம். எதிர்ப் பக்கம், இரண்டும் வெளியே: ஒன்றுவிட்ட வெளிக்கோணங்கள், சமம். ஒரே பக்கம், இரண்டும் உள்ளே அல்லது இரண்டும் வெளியே: கூட்டினால் 180. மிச்சம் ஒன்று உண்டு: வெவ்வேறு உச்சியில், எதிர்ப் பக்கத்தில், ஒன்று உள்ளே ஒன்று வெளியே. அதற்குத் தனிப்பெயர் இல்லை, கூட்டினால் 180 வரும். தேர்வில் அதை ஒரே வரியில் எழுதாமல், ஒத்த கோணம் ஒரு வரி, நேரிய கோண இணை ஒரு வரி என்று இரண்டாகக் காட்டுங்கள்.

விரைவாகச் சரிபார்க்க: உருவாகும் எட்டுக் கோணங்களில் இரண்டே அளவுகள்தான். குறுங்கோணங்கள் நான்கும் சமம், விரிகோணங்கள் நான்கும் சமம், ஒரு குறுங்கோணமும் ஒரு விரிகோணமும் சேர்ந்தால் 180. விடையில் மூன்றாவது அளவு ஒன்று தலைகாட்டினால் எங்கோ பிசகு.

இதெல்லாம் கோடுகள் இணை என்று தெரிந்த பிறகு. படத்தில் இணையைக் காட்டும் அம்புக்குறி இருக்கிறதா, கேள்வியில் 'இணை' என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்காமல் இறங்குவதுதான் பெரிய தப்பு. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நிற்கும்போது தெரியும் தண்டவாளங்கள் இணை என்று சொல்ல ஆதாரம் இருக்கிறது: இரண்டுக்கும் நடுவே அகலப்பாதை இடைவெளி 1,676 மி.மீ., நேரான பாதை நெடுகிலும் அதே அளவு. கேட்டைக் கடக்கும் சாலை குறுக்குவெட்டி. ஆனால் ஜார்ஜ் டவுனில் தம்பு செட்டித் தெருவும் லிங்கி செட்டித் தெருவும் என்.எஸ்.சி. போஸ் சாலையில் வந்து சேருவதைப் பார்த்துவிட்டு "இணை, ஆகவே கோணங்கள் சமம்" என்று எழுத முடியாது. பார்க்க இணைபோல இருப்பது வேறு. ஒத்த கோணங்கள் என்ற பெயர் அங்கேயும் பொருந்தும். சமம் என்பதுதான் பொருந்தாமல் போகலாம்.

எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு சாலையில் 30 மீட்டர் இடைவெளியில் இரண்டு நேரான தெருக்கள் பிரிகின்றன. ஒரே பக்க உட்கோணங்கள் 68°, 110° என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 178. இரண்டு பாகைதான் குறைவு, நோட்டில் வரைந்தால் கண்ணுக்கு இணையாகவே தெரியும். ஆனாலும் அந்தத் தெருக்கள் அதே பக்கத்தில் ஏறக்குறைய 800 மீட்டர் தாண்டி மோதிக்கொள்ளும். உட்கோணங்கள் சேர்ந்து இரண்டு செங்கோணத்துக்குக் குறைந்தால் அந்தப் பக்கம் கோடுகள் சந்திக்கும் என்பது யூக்ளிடின் ஐந்தாவது எடுகோள். கோடுகள் இணை என்றால் இந்தக் கோணங்கள் சமம் என்பது அதன்மேல்தான் நிற்கிறது.

"இணை என நிறுவுக" என்று கேட்கும்போது தலைகீழ்ப் பிழை ஒன்று வரும். இரண்டாவது வரியிலேயே "ஒன்றுவிட்ட கோணங்கள் சமம், ஏனெனில் கோடுகள் இணை" என்று எழுதிவிடுவார்கள். நிறுவ வேண்டியதையே காரணமாகப் போட்டாயிற்று. கொடுத்த அளவுகளை வைத்தோ குத்தெதிரை வைத்தோ கோணங்கள் சமம் என்று முதலில் காட்ட வேண்டும். இணை என்ற வார்த்தை கடைசி வரியில் மட்டும் வரட்டும்.

அறிகுறி: இணைகோடுகளுக்கு நடுவே மடங்கிய கோடு வந்தால் கை நின்றுவிடுகிறது

மேல்கோட்டில் க, கீழ்க்கோட்டில் ட, இரண்டும் நடுவில் ம என்ற புள்ளியோடு இணைந்திருக்கின்றன. இந்தப் படத்தில் இரண்டு கோடுகளையும் வெட்டும் ஒரே குறுக்குவெட்டி இல்லை, அதனால்தான் தடுமாற்றம். ம வழியாக மூன்றாவதாக ஒரு இணைகோடு வரையுங்கள். கணக்கு உடனே இரண்டாகப் பிரிந்துவிடும்.

க-விலும் ட-விலும் கோட்டின் வலப்பக்கத்திலிருந்து அளந்த கோணங்கள் 35°, 40° என்றால் ம வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், ∠கமட = 75°. அதே இடத்தில் 130°, 120° என்று கொடுத்தால் ம இடப்பக்கம் தள்ளிப்போய்விடும்; பிள்ளை 250 என்று எழுதும். அது ம-வின் இடப்பக்கம் உள்ள பின்வளை கோணம். கேட்டது உள்ளே இருப்பது: 360 − 250 = 110°. புதிய கோட்டை வரைந்து பார்த்தாலும் 50 + 60 என்று அதே 110 வரும். கூட்டுத்தொகை 180-ஐத் தாண்டினாலே 360-இலிருந்து கழிக்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

அறிகுறி: கேரம் போர்டு உதாரணத்தில் "குத்தெதிர்க் கோணம், ஆகவே சமம்" என்று காரணம் எழுதியது

வடசென்னையில் கேரம் தெரியாத பிள்ளை அபூர்வம், அதனால் இந்த உதாரணத்தை எல்லோரும் எடுக்கிறார்கள். ஸ்ட்ரைக்கர் சட்டத்தில் பட்டுத் திரும்பும்போது, வரும் பாதையும் போகும் பாதையும் சட்டத்தோடு செய்யும் கோணங்கள் சமம். எண் சரி, காரணம் தப்பு. அவை குத்தெதிர் இல்லை, எதிரொளிப்பால் சமம். வந்த பாதையைச் சட்டத்துக்கு வெளியே நீட்டி வரைந்தால், அங்கே உருவாகும் கோணம்தான் வரும் கோணத்துக்குக் குத்தெதிர்.

மூலையில் அடுத்தடுத்து இரண்டு சட்டத்தில் பட்டால் இன்னும் ருசி. முதல் சட்டத்தில் 35° என்றால், மூலை செங்கோணம் என்பதால் இரண்டாவதில் அதன் நிரப்புக் கோணம் 55°. முதல் இடத்தில் வந்த பாதைக்கும் போன பாதைக்கும் நடுவே 180 − 70 = 110°. இரண்டாவது இடத்தில் 180 − 110 = 70°. இரண்டும் சேர்ந்து 180, அதாவது ஒரே பக்க உட்கோணங்கள். ஆகவே கடைசியாகப் போகும் பாதை முதலில் வந்த பாதைக்கு இணை. 35-க்குப் பதில் எந்தக் கோணம் வைத்தாலும் இதே முடிவு. நிஜ போர்டில் காய் கொஞ்சம் விலகுகிறதென்றால் சுழற்சியும் சட்டத்தின் உராய்வும் காரணம். ஜியோமெட்ரியின் மேல் பழி போடாதீர்கள்.

அறிகுறி: முக்கோணத்தின் வெளிக்கோணம் 295° என்று வந்தது

உச்சிக்கு வெளியே சுற்றி இருக்கும் முழு இடத்தையும் எடுத்துவிட்டார்கள். ஒரு பக்கத்தை நீட்டினால் உருவாவதுதான் வெளிக்கோணம், அது 180-க்குள்தான் இருக்கும். உள்ளே 48°, 67°, 65° என்றால் 65° மூலையில் வெளிக்கோணம் 48 + 67 = 115°. பக்கத்திலேயே ஒட்டியிருக்கும் 65-ஐக் கூட்டக் கூடாது.

அறிகுறி: இறக்கக்கோணக் கணக்கில் தூரம் மூன்றில் ஒரு பங்காக வருகிறது

பத்தாம் வகுப்பு விஷயம். திருவொற்றியூரில் 10 மீட்டர் உயர மொட்டை மாடியிலிருந்து ஒரு படகு 30° இறக்கக்கோணத்தில் தெரிகிறது என்றால் தூரம் 10√3, அதாவது 17.3 மீட்டர். 5.77 என்று வந்தால் கோணத்தைச் சுவரிலிருந்து அளந்திருக்கிறார்கள். இறக்கக்கோணம் கண் மட்டத்தில் போகும் கிடைக்கோட்டிலிருந்து கீழ்நோக்கி. அந்தக் கிடைக்கோட்டைப் புள்ளிக்கோடாக வரைந்தால், அதுவும் தரையும் இணை, பார்வைக்கோடு குறுக்குவெட்டி. ஒன்றுவிட்ட உட்கோணமாக அதே 30° படகின் பக்கம் இறங்கிவிடும். முக்கோணத்துக்குள் எழுத வேண்டியது அங்கேதான்.

அறிகுறி: வட்டக் கணக்கில் 125° வரவேண்டியது 55°

வட்டத்தின்மேல் உள்ள இரண்டு புள்ளிகள் மையத்தில் செய்யும் கோணம் 110°; அவை வட்டத்தின்மேல் உள்ள மூன்றாவது புள்ளியில் செய்யும் கோணத்தைக் கேட்டவுடன் பாதியாக்கி 55 போட்டாயிற்று. மூன்றாவது புள்ளி பெரிய வில்லில் இருந்தால் அது சரி. சின்ன வில்லில் இருந்தால், எதிரே உள்ள பெரிய வில்லின் மையக்கோணம் 250-ஐப் பாதியாக்க வேண்டும்: 125°. இரண்டு விடைகளும் சேர்ந்து 180 வருவது தற்செயல் இல்லை, முதல் இரண்டு புள்ளிகளும் இரண்டு வில்லிலும் ஒவ்வொன்றாக எடுத்த புள்ளிகளும் சேர்ந்து வட்ட நாற்கரம் ஆகின்றன. வட்ட நாற்கரம் என்று சொல்ல நான்கு முனைகளும் வட்டத்தின்மேல் இருக்க வேண்டும். ஒரு முனை மையத்தில் இருக்கும் நாற்கரத்துக்கு எதிர்க்கோணங்கள் 180 என்று போட்டு மார்க்கை விடுபவர்கள் இன்றும் ஏராளம். நான்கு முனைகளையும் ஒவ்வொன்றாகப் பென்சிலால் தொட்டு, வட்டக்கோட்டின்மேல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்.